இடமிருந்து மூன்றாவது

எங்கள் மருத்துவமனையில் முப்பத்தொரு வருடம் எக்ஸ்ரே எடுத்தவரைப் பெரிய டாக்டர் முதல் தரை துடைப்பவர் வரை எல்லோரும் எக்ஸ்ரே அக்கா என்றுதான் கூப்பிட்டோம். அவருடைய வெள்ளைக் கோட்டுப் பையில் எப்போதும் இரண்டு சின்ன ஈய எழுத்துகள் கிடக்கும். இடது பக்கத்துக்கு ஒன்று, வலது பக்கத்துக்கு ஒன்று. படம் எடுக்கும்போது பொருத்தமானதை ஓரத்தில் வைப்பார். அது படத்திலும் விழும். ஃபிலிமை எந்தப் பக்கம் திருப்பிப் பிடித்தாலும் உருவம் தெரியும், ஆனால் திருப்பிப் பிடித்தால் இடது முழங்கால் வலது முழங்காலாகிவிடும். எழுத்து இல்லாத படத்தை அக்கா வெளியே தரமாட்டார். அவசரக்கார டாக்டர் ஒருவர், "எழுத்து எதுக்கு? எனக்குத் தெரியாதா?" என்று கேட்டார்.

"உங்களுக்குத் தெரியும் டாக்டர். ஃபிலிமுக்குத் தெரியாது," என்றார் அக்கா.

இப்படிப்பட்டவரைப் பெற்ற குடும்பம் அவரை வைத்துப் பெருமைப்பட்டிருக்கும் என்று நினைப்பீர்கள். அந்தக் குடும்பத்தில் அவருக்கு இருந்த பெயர் வேறு: டிரைவர் பொண்டாட்டி. முப்பத்தெட்டாவது வயதில் அக்கா எங்கள் ஆம்புலன்ஸ் டிரைவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். டிரைவர் குடிக்காதவர், பேச்சில் குறும்பு உள்ளவர், நூற்றுக்கணக்கான உயிர்களை நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தவர். ஆனால் சம்பளத்துக்கு ஸ்டியரிங் பிடிப்பவர். அது போதும். கார் வைத்திருப்பது கௌரவம், காரை ஓட்டுவது கேவலம் என்று ஒரு சட்டத்தை எந்த மடையன் எழுதினான் என்று தெரியவில்லை. அக்காவின் குடும்பம் அதை மனப்பாடம் செய்து வைத்திருந்தது.

மரியாதைப்பட்ட குடும்பம் என்று தனக்குத்தானே பெயர் வைத்துக்கொள்ளும் வீடுகளில் ஏதாவது ஓர் ஆயுதம் இருக்கும். சில வீடுகளில் நாக்கு, சில வீடுகளில் உயில். இந்த வீட்டில் பிளேடு. குடும்பத்துக்குப் பிடிக்காத ஆள் யாராவது ஆகிவிட்டால், ஆல்பத்தில் இருக்கும் படத்திலிருந்து அவரை அழகாக வெட்டி எடுத்துவிடுவார்கள். படத்தைக் கிழிக்கமாட்டார்கள், அது அநாகரிகம். ஸ்கேல் வைத்து, ஓரம் பிசிறாமல், ஆளை மட்டும். அக்காவின் அப்பா அதில் தேர்ந்தவர். அவருக்குப் பிறகு அந்த வேலை மூத்த அண்ணனுக்கு வந்தது. ஆள் போய்விடுவார், பக்கத்தில் நிற்பவரின் தோளில் அவருடைய நான்கு விரல் மட்டும் மிஞ்சும். அண்ணன் மகனின் கல்யாணப் படத்தில் அக்காவின் நான்கு விரல் அப்படி இருக்கிறது. யாருடைய விரல் என்று கேட்கும் குழந்தைகளுக்கு, "போட்டோக்காரர் விரல்" என்று சொல்லி வைத்திருக்கிறார்கள்.

இதில் சிரிப்பு என்னவென்றால் மூத்த அண்ணன் வரலாற்றுப் பேராசிரியர். கல்லூரி முதல்வராக இருந்து ஓய்வுபெற்றவர். ஆதாரம் இல்லாமல் வரலாறு இல்லை என்று முப்பது வருடம் மாணவர்களுக்குச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து ஆதாரத்தைப் பிளேடால் வெட்டியவர்.

அக்கா ஓய்வுபெற்ற மறுமாதம் அண்ணன் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். காரியம் ஆக வேண்டும் என்றால் அவர் வாயில் 'ஏம்மா' வரும், இல்லாவிட்டால் 'ஏய்'.

"ஏம்மா, நம்ம குடும்பத்துக்கு ஒரு புத்தகம் போடலாம்னு இருக்கேன். நூறு வருஷப் படங்கள். எல்லா வீட்லயும் பெட்டி பெட்டியா கிடக்கு. நீதான் சும்மா இருக்கியே, வரிசைப்படுத்திக் குடு."

"சும்மாதான் இருக்கேன் அண்ணா. அண்ணியும் சும்மாதானே இருக்காங்க?"

"அவளுக்கு எது யாரு படம்னே தெரியாதே. நீ ஆஸ்பத்திரியில இதே வேலைதானே பண்ணினே."

மனிதர்களின் எலும்பைப் படமெடுப்பதும் கல்யாணப் படத்தை ஆல்பத்தில் ஒட்டுவதும் ஒரே வேலை என்று நினைக்க ஒரு பேராசிரியரால்தான் முடியும். அக்கா கோபப்படவில்லை.

"செய்யறேன். ஒரே ஒரு படம் நான் குடுப்பேன். நானும் அவரும் பதிவு ஆபீஸ் வாசல்ல நிக்கிற படம். அது புத்தகத்துல இருக்கணும்."

அண்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பார்க்கலாம்," என்றார். அந்த வீட்டில் 'முடியாது' என்ற சொல்லைப் படித்தவர்கள் உச்சரிக்கும் விதம் அது. அதோடு ஒரு தாளையும் நீட்டினார். புத்தகத்தில் வரக் கூடாதவர்கள் என்று தலைப்பு. இரண்டே பேர். ஒன்று, அப்பாவின் சித்தி. இரண்டு, 'அந்த டிரைவர்.'

அப்பாவின் சித்தியைப் பற்றி அக்காவுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு வரிதான்: புருஷனை விட்டுவிட்டு ஓடிப்போனவள். அப்பாவைப் பெற்றவள் அவருக்கு ஒரு வயது ஆகும்போதே இறந்துபோனாள். அவளுடைய தங்கை அதே வருடம் ஓடிப்போனாள். ஒருத்தி தெய்வமானாள், ஒருத்தி இல்லாமலே போனாள். வீட்டுக் கூடத்தில் அப்பாவைப் பெற்றவளின் முகம் ஒரு ஆள் உயரச் சட்டத்தில் தொங்கும். கீழே இரவும் பகலும் எரியும் சிவப்பு பல்பு. மின்சாரம் போனாலும் அணையாதபடி அதற்குத் தனி பேட்டரி; வீட்டு ஃப்ரிட்ஜுக்குக்கூட அந்த வசதி கிடையாது. பரீட்சைக்குப் போகிறவர், பெண் பார்க்கப் போகிறவர், மூலத்துக்கு ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறவர் எல்லோரும் அதன் முன்னால் கண்ணை மூடி நிற்பார்கள். பாஸானால் பாட்டி ஆசீர்வாதம். ஃபெயிலானால் வாத்தியார் சரியில்லை. பிறக்கும் ஒவ்வொரு குழந்தையையும் அந்தச் சட்டத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்து, "மூக்கு அப்படியே பாட்டிதான், பாட்டியே வந்து பொறந்திருக்கா" என்பார்கள். பிறந்து மூன்று நாளான குழந்தையின் மூக்கு உருளைக்கிழங்கு மாதிரி இருக்கும். ஆனால் பக்தி வந்துவிட்டால் கண் எதற்கு?

பெட்டிகள் அக்கா வீட்டுக்கு வந்தன. டிரைவர் ஒவ்வொன்றாக இறக்கினார். "இவ்வளவு பேரு இருக்காங்களா உங்க குடும்பத்துல? ஒருத்தர்கூட நம்ம வீட்டுக்கு வந்ததில்லையே," என்றார்.

"இப்ப வந்துட்டாங்கல்ல. உள்ள கொண்டு போங்க."

படங்களின் நிலைமை அந்தக் குடும்பத்தின் புத்தியைச் சொல்லியது. ஒரு வீட்டில் பாத்ரூம் சுவரை ஒட்டிய அலமாரியில் வைத்து, பாதி முகங்களில் பூஞ்சை. இன்னொரு வீட்டில், பசைத்தாளும் பிளாஸ்டிக் உறையுமாக வரும் ஆல்பத்தில் ஒட்டியதால் பசை மஞ்சளாகிப் படத்தைத் தின்றிருந்தது. தம்பி மனைவி ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதி, முன்பக்கம் எல்லோர் நெற்றியிலும் எழுத்துத் தழும்பு. அண்ணி ஒருபடி மேலே போய், தன் கல்யாணப் படங்களை ரேஷன் அட்டை மாதிரி லேமினேஷன் செய்துவிட்டார். இனி அதைப் பிரிக்கவும் முடியாது, காப்பாற்றவும் முடியாது. பாதுகாக்கிறேன் என்ற பெயரில்தான் எல்லாமே அழிந்திருந்தது.

அக்கா கையுறை போட்டுக்கொண்டு ஓரத்தில் மட்டும் பிடித்தார். ஒட்டிக்கொண்ட படங்களுக்கு அடியில் பல் சுத்தம் செய்யும் மெழுகு நூலை விட்டு, ரம்பம் அறுப்பது போல மெல்ல இழுத்துப் பிரித்தார். ஒவ்வொன்றையும் ஒரு காகித உறையில் போட்டார், எக்ஸ்ரேக்குப் போடுவதைப் போல. உறையின் மேல் பென்சிலால் எண், வருடம், இடமிருந்து வலமாகப் பெயர்கள். தெரியாத ஆளுக்குத் 'தெரியாது' என்று எழுதினார். ஊகத்துக்கு இடமே இல்லை. மூன்று மாதம் காலையில் உட்கார்ந்தால் மத்தியானம் வரை இதே வேலை.

கடைசிப் பெட்டி அப்பாவுடையது. தகரப் பெட்டி. அதில் ஒரு பெரிய குடும்பப் படம். ஏழு பேர் வரிசையாக நிற்கிறார்கள், நடுவில் தாத்தா. வலமிருந்து மூன்றாவது இடத்தில் ஆள் இல்லை. ஸ்கேல் வைத்து வெட்டிய ஓட்டை. அப்பாவின் கைவேலை. கூடவே தாத்தா கையெழுத்தில் ஒரு பெயர்ச்சீட்டு: இடமிருந்து மூன்றாவதாக மனைவி, வலமிருந்து மூன்றாவதாக மனைவியின் தங்கை. அடியில், மெல்லிய தாளில் சுற்றி, அந்தப் படத்தின் நெகட்டிவ்.

கதை அக்காவுக்குத் தெரியும். தாத்தா இறந்தபின் அப்பா இந்தப் பெட்டியைத் திறந்தார். அதற்கு முன் தன் அம்மாவின் முகத்தை அவர் பார்த்ததே இல்லை. பழைய பிரதியைக் கரையான் தின்றுவிட்டிருந்தது. நெகட்டிவை ஸ்டுடியோவில் கொடுத்து ஒரு பிரதி போட்டு, சீட்டைப் பார்த்து இடமிருந்து மூன்றாவது முகத்தைத் தோளோடு பெரிதாக்கிச் சுவரில் மாட்டினார். அதே சீட்டைப் பார்த்து வலமிருந்து மூன்றாவது ஆளை வெட்டி எறிந்தார். அன்று அக்காவுக்கு ஐந்து வயது. வெட்டிய துண்டு அடுப்பில் போனது நினைவிருந்தது.

அக்கா அந்தப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கூப்பிட்டார்.

"என்னங்க, உங்க கோட்டை எடுத்துட்டு வாங்க."

"எனக்கு ஏது கோட்டு?"

"நம்ம கல்யாணத்துக்கு இரவல் வாங்கி, திருப்பிக் குடுக்காம வெச்சிருக்கீங்களே, அது."

டிரைவர் கொண்டுவந்தார். "மேல்பை எந்தப் பக்கம் இருக்கு?"

"இடது பக்கம். எல்லாக் கோட்டுக்கும் அங்கதானே?"

படத்தில் கோட்டு போட்டவர்கள் மூன்று பேர். மூன்று பேருக்கும் மேல்பை வலது மார்பில் இருந்தது.

ஓய்வுபெறும்போது மருத்துவமனை கழித்துப் போட்ட விளக்குப் பெட்டி ஒன்றை அக்கா கேட்டு வாங்கி வந்திருந்தார். எக்ஸ்ரேயை மாட்டிப் பார்க்கும் பெட்டி. அதில் நெகட்டிவை வைத்தார். பளபளப்பான பக்கம் தன்னைப் பார்க்க, மங்கலான பக்கம் விளக்கைப் பார்க்க. மூன்று கோட்டுப் பைகளும் இடது மார்புக்கு வந்தன. வரிசை திரும்பியது. நடுவில் தாத்தா அப்படியே நின்றார். அவருக்கு இரண்டு பக்கமும் நின்ற சகோதரிகள் இருவரும் இடம் மாறினார்கள்.

ஸ்டுடியோக்காரர் நெகட்டிவைத் திருப்பிப் போட்டுப் பிரதி எடுத்துவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. சுவரில் தொங்குவது ஓடிப்போன சித்தி. பிளேடால் வெட்டி அடுப்பில் போட்டது, அப்பா தன்னைப் பெற்ற தாயை.

அக்கா ஒரே ஒரு சாட்சியை வைத்து நம்புகிறவர் அல்ல. பெட்டியை மறுபடி துழாவினார். அடிக் காகிதத்துக்குக் கீழே உள்ளங்கை அளவில் ஒரு படம் கிடைத்தது. மருத்துவமனைப் பணியாளர் உடையில் ஓர் இளம்பெண், நேராகக் கேமராவைப் பார்க்கிறாள். பின்னால் மங்கிய மையில்: 'மாமாவுக்கு. மறுபடி உடைந்த தோள் சேர்ந்துவிட்டது. இங்கே வார்டில் வேலை கொடுத்திருக்கிறார்கள். இனி அவரிடம் போகமாட்டேன். அக்கா பையனை ஒருமுறை பார்க்க விடுங்கள்.'

தாத்தா பதில் எழுதினாரா என்று தெரியாது. எழுதியிருந்தால் அந்தப் படம் காகிதத்துக்கு அடியில் ஒளிந்திருக்காது.

அந்தப் பெண்ணின் இடது தோள் வலதைவிட ஒரு விரற்கடை தாழ்ந்திருந்தது. நெகட்டிவில் சித்திக்கும் இடது தோள்தான் தாழ்ந்திருந்தது. சுவர்ப்படத்தில் வலது தோள் தாழ்ந்திருப்பதை அக்கா சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறார். பாட்டியின் பணிவு என்று சொல்வார்கள். அக்காவுக்கு அந்தப் பணிவு நன்றாகத் தெரியும். காறையெலும்பு உடைந்து, வைத்தியம் பார்க்காமல் கோணலாகச் சேர்ந்தால் வரும் பணிவு அது. முப்பத்தொரு வருடத்தில் அப்படி எத்தனை தோள். எல்லோரும் பாத்ரூமில் வழுக்கி விழுந்தவர்கள். இந்த நாட்டுப் பாத்ரூம்களுக்கு ஆண் குரலும் கை முஷ்டியும் உண்டு என்பதை அக்கா எப்போதோ புரிந்துகொண்டிருந்தார்.

ஆக, ஒருவன் அடித்து உடைத்த தோளைத்தான் ஒரு குடும்பம் ஐம்பத்தைந்து வருடமாகப் பெண்மையின் அடக்கம் என்று கும்பிட்டிருக்கிறது.

மறுநாள் அக்கா விளக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனார். கூடத்தில் வைத்து, எல்லாவற்றையும் காட்டினார். கோட்டுப் பை, சீட்டு, சின்னப் படம், தோள். அண்ணன் விளக்கைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், முகம் மாவு மாதிரி வெளுத்தது. பேராசிரியருக்குப் புரியாமல் இல்லை. புரிந்ததுதான் பிரச்சினை.

"அப்பா தப்புப் பண்ண மாட்டாரு," என்றார்.

"அப்பா பண்ணல அண்ணா. ஸ்டுடியோக்காரரு பண்ணினாரு. அப்பா பிளேடு மட்டும் போட்டாரு."

அக்கா நெகட்டிவிலிருந்து எடுத்த புதிய பிரதியை நீட்டினார். "இவங்கதான் அப்பாவைப் பெத்தவங்க. அப்பா ஒருநாள்கூடப் பார்க்காத முகம். பாருங்க."

அண்ணன் வாங்கவில்லை. அண்ணிதான் எட்டிப் பார்த்தார். "இவங்களா? நல்லாவே இல்லியே. சுவத்துல இருக்கிறவங்கதான் களையா இருக்காங்க."

"சரி, இப்ப என்ன பண்ணணும்கிற?" என்றார் அண்ணன்.

"புத்தகத்துல சரியாப் போடணும். யாரு யாருன்னு."

"ஊரு சிரிக்கும். ஓடிப்போனவளை வெச்சுக் கும்பிட்டோம்னு பேசுவாங்க. என் சம்பந்தி வீட்ல என்ன நினைப்பாங்க?" பிறகு குரல் இறங்கியது. "ஏம்மா, ஒண்ணு செய்வோம். இது நம்ம ரெண்டு பேருக்குள்ளயே இருக்கட்டும். உன் பதிவு ஆபீஸ் படத்தைக் கால் பக்கத்துக்குப் போட்டுடறேன். அவரும் இருக்கட்டும். போதுமா?"

இருபத்திரண்டு வருடமாகக் கிடைக்காதது கால் பக்க அளவில் வந்து நின்றது. அக்கா ஒன்றும் சொல்லாமல் விளக்குப் பெட்டியின் ஒயரைச் சுற்றினார். அண்ணன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். பெண்கள் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வதும் அந்த வீட்டு வழக்கம்.

வீட்டில் டிரைவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டார்.

"கால் பக்கமா? என் தொப்பையே அரைப் பக்கம் வேணுமே."

"விளையாடாதீங்க. எனக்கு அந்தப் படம் வரணும்னு ஆசைதான். உங்களை இல்லாத ஆளா ஆக்கி வெச்சிருக்காங்க. பேரன் பேத்தி காலத்துலயாவது ஒருத்தன் பக்கத்தைத் திருப்பி, யாரு இவருன்னு கேக்கணும்."

டிரைவர் கண்ணைத் துடைத்தார், வெங்காயத்தினால்தான். "என்னை ஆஸ்பத்திரியில பாதிப் பேருக்குத் தெரியும்மா. அந்தம்மாவுக்கு யாரு இருக்கா? உன் கையில இருக்கிற ஒரு நெகட்டிவ்தான். என் படத்துக்காக நீ அவங்களை விட்டுட்டேன்னா, அப்புறம் என் மூஞ்சியைப் பார்க்கறப்பெல்லாம் உனக்கு அதானே ஞாபகம் வரும்?"

அக்கா விளக்குப் பெட்டியின் ஒயரை மறுபடி பிரித்தார். அன்று மத்தியானமே பக்கங்களை அடுக்க உட்கார்ந்தார். தேதி வரிசை, வேறு எந்த வரிசையும் இல்லை. ஏழாம் பக்கத்தில் ஏழு பேரும் ஓட்டை இல்லாமல் நின்றார்கள். கீழே அக்கா எழுதினார்: 'இடமிருந்து மூன்றாவது அப்பாவைப் பெற்றவர். வலமிருந்து மூன்றாவது அவர் தங்கை. தோள் எலும்பு முறிந்தபின் கணவனிடம் திரும்பிப் போகாமல் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார். நம் வீட்டுச் சுவரில் இருப்பது இவர் படம். பிறகு இவர் என்ன ஆனார் என்று நம்மில் யாரும் விசாரிக்கவில்லை.' அறுபத்தொன்றாம் பக்கத்தில் பதிவு ஆபீஸ் வாசல், முழுப் பக்கத்துக்கு.

அச்சகத்திலிருந்து ப்ரூஃப் வந்தது. நான்கு பேருக்கு ஆளுக்கு ஒரு பிரதி கொடுத்தார் அக்கா. அண்ணன் கையில் கொடுக்கும்போது, "எல்லாப் பக்கத்தையும் பாருங்க அண்ணா. பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க," என்றார்.

"பார்க்காம போடுவேனா?"

ஒரு வாரத்தில் நான்கும் திரும்பி வந்தன. அண்ணன் திருத்தம்: முப்பத்தொன்பதாம் பக்கத்தில் தன் தலையில் வெளிச்சம் அதிகம், குறைக்கவும். அண்ணி திருத்தம்: சேலை நிறம் மங்கல், கன்னம் உப்பித் தெரிகிறது. தம்பி திருத்தம்: பழைய ஸ்கூட்டர் படம் வேண்டாம், கார்ப் படம் தருகிறேன். ஒன்றுவிட்ட பெரியப்பா மகன் திருத்தம்: தன் மகனுடைய படம் ஒன்று குறைகிறது, தம்பி மகனுக்கு நான்கு, தன் மகனுக்கு மூன்றுதான். அவ்வளவுதான். நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் அவரவர் தங்கள் மூஞ்சியைத் தேடிக் கண்டுபிடித்து, இரசித்து, குறைப்பட்டு, மூடி வைத்துவிட்டார்கள். கடைசிப் பக்கத்தில் நான்கு கையெழுத்து. அண்ணன் மட்டும் கூடுதலாக, 'முழுவதும் சரிபார்த்தேன்' என்று பச்சை மையில் எழுதியிருந்தார். கல்லூரியில் எத்தனை ஆய்வேடுகளை இப்படிச் 'சரிபார்த்து' அனுப்பினாரோ.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் வீட்டில் குடும்பம் கூடியது. சம்பந்தி வீட்டார் பதினொரு மணிக்கு வருவதாக இருந்தது. பத்து மணிக்குக் கட்டைப் பிரித்து ஆளுக்கு ஒரு புத்தகம். கூடம் முழுக்கப் பக்கம் புரளும் சத்தம், எல்லோரும் தங்களைத் தேடுகிறார்கள். கல்லூரியில் படிக்கும் தம்பி மகள்தான் முதலிலிருந்து படித்தவள்.

"பெரியப்பா, அப்ப சுவத்துல இருக்கிறது பாட்டி இல்லியா?"

எல்லோரும் ஏழாம் பக்கத்துக்குத் திரும்பினார்கள். பிறகு எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். சிவப்பு பல்பு ஒன்றும் தெரியாதது போல எரிந்துகொண்டிருந்தது.

"ஏய், யாரைக் கேட்டுப் போட்டே இதை?" என்றார் அண்ணன்.

அக்கா பைக்குள்ளிருந்து ப்ரூஃபை எடுத்துக் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். "பச்சை மையில போட்டிருக்கீங்களே அண்ணா."

"அக்கா, என் மகன் போன மாசம் இன்டர்வியூவுக்குப் போறப்ப இங்கதான் நின்னான்," என்றான் தம்பி, ஏமாற்றப்பட்டவன் குரலில்.

"வேலை கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"அப்ப என்ன உனக்கு? அவங்களும் வேலைக்குப் போனவங்கதான்."

அண்ணி, "முதல்ல அதைக் கழட்டுங்க," என்றார். இரண்டு பேர் ஸ்டூல் போட்டுச் சட்டத்தை இறக்கினார்கள். ஐம்பத்தைந்து வருடமாகத் தெய்வமாக இருந்தவர் ஐந்து நிமிடத்தில் அழுக்குத் துணிகளுக்குப் பக்கத்தில், முகம் சுவரைப் பார்க்க நிறுத்தப்பட்டார். அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. மாறியது புத்தகத்தில் எழுதிய நான்கு வரி மட்டும். பக்தி என்று இவர்கள் சொல்வதன் ஆழம் அவ்வளவுதான்.

சட்டம் இருந்த இடத்தில் பழைய பச்சைப் பெயின்ட் ஒரு பெரிய சதுரமாகப் பல்லிளித்தது. சுற்றிலும் சுவர் மஞ்சள். அந்தச் சதுரத்துக்குக் கீழே சிவப்பு பல்பு எரிவதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். மணி பத்து ஐம்பது.

"சம்பந்தி வந்துடுவாங்க. என்னது இதுன்னு கேட்டா என்ன சொல்றது?" என்றார் அண்ணி. காலண்டரை மாட்டிப் பார்த்தார்கள், பாதிதான் மறைந்தது. பத்து ஐம்பத்தைந்துக்கு அப்பாவின் சித்தி அழுக்குத் துணிப் பக்கத்திலிருந்து எழுந்து, தூசி துடைக்கப்பட்டு, பழைய ஆணியிலேயே ஏறினார்.

சுவரைச் சரிசெய்த தைரியத்தில் அண்ணன் புத்தகத்தைச் சரிசெய்யக் கிளம்பினார். மேஜை டிராயரிலிருந்து ஸ்கேலையும் பிளேடையும் எடுத்தார். "சித்தியை அப்புறம் பார்த்துக்கலாம். முதல்ல இந்த டிரைவர். ஒவ்வொரு புத்தகத்துலயும் ரெண்டு நிமிஷ வேலை."

அறுபத்தொன்றாம் பக்கத்தை விரித்தார். பதிவு ஆபீஸ் வாசலில் இரவல் கோட்டில் டிரைவர், பக்கத்தில் அக்கா, இருவருக்கும் வெயிலில் கண் கூசுகிறது. அக்கா நாற்காலியை விட்டு எழவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு அண்ணனையே பார்த்தார். டிரைவரை அந்த வீட்டு வாசலுக்கே கூப்பிட்டதில்லை. அவர் தெருமுனையில் ஸ்கூட்டரோடு காத்திருந்தார்.

அண்ணன் ஸ்கேலை டிரைவரின் தோளோடு ஒட்டி வைத்தார். பிளேடைப் பதித்தார்.

"அண்ணா, பின்பக்கம் பார்த்தீங்களா?" என்றான் தம்பி.

அண்ணன் தாளைத் திருப்பினார். அறுபத்திரண்டாம் பக்கம். அவர் கல்லூரி முதல்வராகப் பதவியேற்ற நாள், அமைச்சர் கைகுலுக்குகிறார். அக்காவின் திருமணம் நடந்து மூன்று மாதம் கழித்து எடுத்த படம். அவர் வாழ்க்கையில் அமைச்சர் அருகில் நின்றது அது ஒருமுறைதான். டிரைவர் நின்ற அதே இடத்துக்குப் பின்னால், அதே அளவில், கழுத்தில் டையோடு அவருடைய சொந்த முகம். பிளேடு குத்திய இடம் அமைச்சரின் கைக்கு ஒரு அங்குலம் மேலே சின்னப் புள்ளியாகத் தெரிந்தது.

அவசரமாக ஏழாம் பக்கத்தைத் திருப்பினார். அதன் பின்னால் குடும்ப மரம். வேரிலிருந்து நடுக்கிளை வரை அவருடைய பெயரும் பட்டங்களும்.

வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டது. அண்ணன் ஸ்கேலை டிராயரில் போட்டார். பிளேடை அதன் காகிதத்தில் சுற்றி உள்ளே வைத்து மூடினார். பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு சம்பந்தியை வரவேற்கப் போனார். அக்கா தனக்கான புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியே வந்தார்.

தெருமுனையில் டிரைவர் ஸ்கூட்டர் சீட்டில் உட்கார்ந்தபடியே புத்தகத்தை வாங்கினார். நேராக அறுபத்தொன்றுக்குப் போனார். தன்னைப் பார்த்தார். பிறகு தாளைத் திருப்பி அண்ணனைப் பார்த்தார். மறுபடி தன்னைப் பார்த்தார்.

"ஏம்மா, வேணும்னேதானே பண்ணினே?"

"தேதி வரிசைப்படி வெச்சேன்," என்று பின்னால் ஏறி உட்கார்ந்தார் அக்கா. "வண்டியை எடுங்க."